தனுஷ்கோடி தண்டவாளம்: யார் போன பாதை, யார் திரும்பிய பாதை?

தனுஷ்கோடியைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் கதைகள் இரண்டு. ஒன்று ராமாயணக் கதை. வில்லின் முனை, கடலில் கட்டிய அணை, நீராட வேண்டிய தீர்த்தம். இன்னொன்று 1964 புயல் கதை. ஒரே இரவில் அழிந்த ஊர், கடல் விழுங்கிய ரயில், 'பேய் நகரம்'. சுற்றுலா வேனில் போகிறவர்களுக்குச் சொல்லப்படுவதும் இவ்வளவுதான், யூடியூபில் கிடைப்பதும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு வரலாறு இருக்கிறது. அந்த ரயில் பாதை ஏன் போடப்பட்டது, அதில் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துப் போனவர்கள் யார், போனவர்கள் என்ன ஆனார்கள் என்ற வரலாறு. நம் பாட்டன் பூட்டன்களில் பலர் அந்தப் பாதையில் போனவர்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்கள். 'கண்டிக்குப் போயிட்டாங்க' என்று ஊரில் ஒற்றை வரியில் சொல்லி முடிக்கப்பட்டவர்கள். மணலில் புதைந்து கிடக்கும் அந்தப் பாதையை அவர்களை நினைத்துக்கொண்டு நடந்து பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். சமூகப் பணியில் இருப்பவர்களும் கல்லூரி மாணவர்களுமாகச் சேர்ந்து நடந்தோம். நடந்தபோது பார்த்ததையும், அதற்கு முன்னும் பின்னும் படித்துப் பேசித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

மணலில் மிச்சம் இருப்பது

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். இன்று பாம்பன் பாலத்தைக் கடந்து வரும் ரயில் ராமேஸ்வரத்தில் நின்றுவிடுகிறது. 1964 வரை அப்படி இல்லை. பாம்பன் அப்போது ஒரு ஜங்ஷன். அங்கிருந்து ஒரு கிளை ராமேஸ்வரம் போனது. இன்னொன்று தீவின் தென்கிழக்கு முனையில் இருக்கும் தனுஷ்கோடிக்குப் போனது. கோயிலுக்குப் போகிறவர்கள் ராமேஸ்வரம் பாதையில் போனார்கள். கடல் தாண்டுகிறவர்கள் தனுஷ்கோடி பாதையில் போனார்கள். முக்கியமான பாதை இந்த இரண்டாவதுதான்.

பல ஆண்டுகள் ராமேஸ்வரத்திலிருந்து வரும் தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் மணலில் ஓடும் வேன்கள்தான் ஆட்களை ஏற்றிப் போகும். 2017இல் அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை போட்டுத் திறந்தார்கள். நாங்கள் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து காலையில் நடக்கத் தொடங்கினோம். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் ஒடுங்கிய மணல் நாக்கு. சாலையில் கார்களும் வேன்களும் வேகமாகப் போகின்றன. அதை விட்டு இறங்கி மணலில் நடந்தால்தான் பழைய பாதையின் தடம் கண்ணில் படும்.

தடம் என்று சொல்கிறோமே தவிர, நீளமான தண்டவாளத்தை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சில இடங்களில் மணல் ஒரே நேர்கோட்டில் மேடு தட்டிக் கிடக்கிறது. காற்று மணலை வாரிக்கொண்டு போன இடங்களில் மக்கிய ஸ்லீப்பர் கட்டைகளும் உப்பு தின்ற இரும்பும் தலைகாட்டுகின்றன. அடுத்த பருவக்காற்றில் அவை மறுபடி மூடிக்கொள்ளும். தனுஷ்கோடி ஊரை நெருங்கினால் சிதைந்த கட்டடங்கள் வருகின்றன. பவளப் பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள், ரயில் நிலையத்தின் சுவர்த் துண்டுகள், நீர்த்தொட்டியைத் தாங்கி நின்ற தூண்கள். அவற்றைச் சுற்றிச் சங்கும் சிப்பியும் விற்கும் கடைகள். மக்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊர் செத்துப் போனது என்கிறார்கள். ஆனால் அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. புயலுக்குப் பிறகு அரசு இந்த இடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டது. ஓலைக் குடிசைகளில் பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்களை 'பேய் நகரம்' என்ற சொல் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. சுற்றுலாவுக்குப் போட்ட சாலை அவர்கள் வாசலைத் தாண்டிப் போகிறது.

ரயிலுக்கு முன்னால் கால்கள்

இந்தப் பாதையின் கதை 1914இல் தொடங்கவில்லை. இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயர்கள் காப்பித் தோட்டங்கள் போடத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1870களில் இலைநோய் வந்து காப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து அந்த ஆட்கள் வந்தார்கள்.

ஏன் போனார்கள்? 'பஞ்சம் பிழைக்க' என்று பாடப்புத்தகம் சொல்லும். பஞ்சம் உண்மைதான். 1876-78 தாது வருடப் பஞ்சம் இந்த ஊர்களைச் சூறையாடியது. ஆனால் பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி ஊரை விட்டுத் துரத்தவில்லை. நிலம் இருந்தவர் நிலத்தை அடகு வைத்தார். பண்ணையாளாக இருந்தவருக்கு அடகு வைக்கத் தன் உடம்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843இலேயே பிரிட்டிஷ் அரசு அறிவித்திருந்தது. ஆனாலும் காவிரிப் படுகையின் சேரிகளில் கடனும் சாட்டையும் அப்படியே இருந்தன. பண்ணையை விட்டுப் போக வேறு வழி இல்லாதபோது கங்காணி வந்து வழி காட்டினான். அதனால் கண்டிப் பயணத்தை வெறும் வறுமைக் கதையாகப் படிப்பது தவறு. அது சாதியிடமிருந்து தப்பிக்கும் முயற்சியும்கூட. தப்பித்தார்களா என்பது வேறு கேள்வி.

ரயில் வருவதற்கு முன்பு போனவர்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் கடற்கரை வரை நடந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்குப் போனார்கள். அங்கிருந்து காட்டு வழியில் 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே நடந்தது. மலையக மக்கள் இன்று தங்கள் வரலாற்றைச் சொல்லும்போது அந்தக் காட்டு வழியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1914: பாலம், ரயில், கப்பல், கேம்ப்

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி மீட்டர் கேஜ் பாதையைத் தனுஷ்கோடி வரை கொண்டுபோனது. அங்கே ரயிலிலிருந்து இறங்கினால் கப்பல். சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். இதைத்தான் 'போட் மெயில்' என்றார்கள். முதல் வகுப்புப் பயணிகளுக்கு இது ஒரு சொகுசான பயணம். அந்தக் காலத்து விளம்பரங்களிலும் பயணக் குறிப்புகளிலும் இன்றும் நினைவுகூரப்படுவது அவர்களுடைய பயணம்தான்.

தொழிலாளர்கள் அந்த ரயிலில் நேராகத் தனுஷ்கோடி போய்விட முடியாது. வழியில் மண்டபத்தில் இறக்கப்படுவார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம், இந்திய மண்ணில், இலங்கை அரசு நடத்திய முகாம் அது. நோய்த் தடுப்பு என்ற பெயரில் சில நாட்கள் அங்கே அடைத்து வைப்பார்கள். துணிகளை அவிப்பார்கள், ஊசி போடுவார்கள், உடம்பைச் சோதிப்பார்கள், பெயரைப் பதிவார்கள். தேறியவர்கள் மட்டும் மறுபடி ரயில் ஏறலாம். இதற்கு முன் தூத்துக்குடி வழியாகப் போனவர்களுக்குத் தட்டப்பாறையில் இதே போன்ற முகாம் இருந்தது. ரயில் பாதை வந்த பிறகு மண்டபம் அந்த இடத்தைப் பிடித்தது. 'மண்டபம் கேம்ப்' என்று இன்றும் ஒரு ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகை இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் அதைப் படித்துக்கொண்டே கடந்து போகிறார்கள். எந்த கேம்ப், யாருக்கான கேம்ப் என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தப் பாதை முழுவதும் மனிதர்களைக் காகிதத்தாலும் தகரத்தாலும் அடையாளப்படுத்தினார்கள். நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறாரோ அந்தத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளிக்குக் கொடுப்பார்கள். பெயரைவிட அந்த எண்தான் முக்கியம். வழிச்செலவு அந்த எண்ணின் கணக்கில் ஏறும், கடைசியில் தொழிலாளியின் கடனில் வந்து சேரும். அடுத்தது 'துண்டு'. ஒரு தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டினால் அவரை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் கடன் கூடவே போகும், சில நேரம் வளர்ந்துகொண்டே போகும். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குள் சில தலைமுறைகள் அதில் கழிந்துவிட்டன.

கப்பல் ஏறிய சாதி

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பது மேல்சாதியினரின் பயம். நம் மக்களுக்கோ அது நம்பிக்கை. நடந்தது இரண்டும் இல்லை.

தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அன்றைய பதிவுகள் குறித்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களை அழைத்துப் போன பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்த உறவு, பெயர் மாறித் தோட்டத்துக்கு வந்தது. கங்காணி கடன் கொடுப்பான், கூலியை வாங்கித் தருவான், கல்யாணம் சாவுக்கு முன்னால் நிற்பான். ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தோட்டத்திலிருந்து 'பென்ஸ் காசு' கிடைக்கும். அதாவது ஒரு பெண் காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போனால் அதில் கங்காணிக்கு ஒரு பங்கு உண்டு. லயன் அறைகளும் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டன. வெள்ளைக்காரத் துரைக்கும் இது வசதி. சாதி அவனுக்குச் செலவில்லாமல் கிடைத்த மேற்பார்வையாளர்.

ரயிலே நவீனம், ரயிலில் எல்லோரும் சமம் என்று சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை இருந்தது. பெரியார் இயக்கத்தின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகே அது நீங்கியது. தண்டவாளம் போட்டுவிட்டால் சாதி தானாக ஒழிந்துவிடாது. யாராவது எதிர்த்து நின்றால்தான் ஒழியும்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கதையைப் படிக்காத தோழர்கள் படியுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஒரு தலித் பெண்ணின் கதை அது. 1930களிலேயே ஒரு தமிழ் எழுத்தாளர் இதைப் பார்த்திருக்கிறார். நம் பாடத்திட்டம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

53 நாட்கள்

1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. புதிதாகப் போவது நின்றது. ஏற்கெனவே அங்கே வேர் பிடித்தவர்கள் ஊருக்கு வந்து போகவே இந்த ரயிலைப் பயன்படுத்தினார்கள். 1947 தேர்தலில் இலங்கை நாடாளுமன்றத்துக்கு மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். தோட்டத் தொழிலாளி ஓட்டுப் போட்டால் என்ன நடக்கும் என்று கொழும்பு பார்த்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. தந்தையும் பாட்டனும் இலங்கையில் பிறந்தார்கள் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். லயன் அறையில் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்?

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு சந்தையில் மூட்டையைப் பங்கு போடுவதுபோல. அந்த மக்களின் தொழிற்சங்கங்களையோ தலைவர்களையோ இரு அரசுகளும் கலந்து பேசவில்லை. பெரும்பான்மையினர் தலித்துகளாக இல்லாமல் இருந்திருந்தால் டெல்லி இவ்வளவு எளிதாகக் கையெழுத்துப் போட்டிருக்குமா? இந்தக் கேள்வியை நம் தமிழ்த் தேசிய நண்பர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் போட்ட 53ஆவது நாள், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி நிலையத்துக்குச் சிறிது தூரம் முன்னால் அலையில் சிக்கியது. பதிவேட்டின்படி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இங்கேயும் காகிதம் இருந்தவர்தான் செத்தவராக எண்ணப்பட்டார். புயலில் இறந்தவர்கள் மொத்தம் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

50 ஆண்டுகள் 10 மாதங்கள் ஓடிய பாதை அன்றோடு முடிந்தது.

போனது ஒரு வழி, வந்தது வேறு வழி

புயல் பாம்பன் பாலத்தையும் உடைத்தது. 126 கர்டர்கள் கடலில் போயின. இ.ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சரி செய்தார்கள். இதை ஒரு பொறியியல் சாதனையாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாதை உயிர் பெற்றது, தனுஷ்கோடி பாதை பெறவில்லை. கோயிலுக்கான கிளை பிழைத்தது. கூலிகளின் பாதை கைவிடப்பட்டது. தனுஷ்கோடியின் நிலம் மறுபடி பாதை போடும் நிலையில் இல்லை என்பது உண்மை. அதோடு கைவிடப்பட்ட பாதையின் நினைவும் கைவிடப்பட்டது என்பதும் உண்மை.

ஒப்பந்தப்படி 'தாயகம் திரும்பியோர்' கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியபோது தனுஷ்கோடி இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. பாட்டன் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார், பேரன் ராமேஸ்வரத்தில் இறங்கினான். இறங்கியவர்களை அழைத்துப் போன இடம் எது தெரியுமா? அதே மண்டபம் கேம்ப். போகும்போது சோதித்த இடத்திலேயே வரும்போதும் பதிந்தார்கள். 1983க்குப் பிறகு அதே முகாம் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழ் அகதிகளின் முகாமானது. ஒரே இடம், மூன்று காலம், மூன்று வகை வரிசை.

கையில் ஒரு இந்தியக் கடவுச்சீட்டு, ஒரு குடும்ப அட்டை. அந்த அட்டையை வைத்துத்தான் மறுவாழ்வு உதவி. சிலரை நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்தத் தோட்டங்கள்தான் பிறகு டான்டீ ஆனது. சிலரைக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர் தோட்டங்களுக்கும், சிலரை ஆந்திரத்து நூற்பாலைகளுக்கும் அனுப்பினார்கள். பலருக்கு வியாபாரக் கடன் என்று ஒரு தொகை. வாழ்நாள் முழுவதும் கொழுந்து கிள்ளியவர் சமவெளியில் பெட்டிக்கடை வைத்து எப்படிப் பிழைப்பார்? ஏமாந்தவர்களும் மலையேறிப் போய்த் தனியார் எஸ்டேட்களில் மறுபடி கூலியானவர்களும் பலர். 'சிலோன்காரங்க' என்ற பட்டம் மட்டும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்.

நீலகிரியில் எங்களிடம் பேசிய ஒரு மூத்த அம்மா, கப்பலில் வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய குடும்ப அட்டை. "வீட்ல நெருப்புப் பிடிச்சாலும் மொதல்ல இதத்தான் தம்பி எடுப்பேன்" என்றார். அவருடைய பேத்தி கல்லூரியில் சேர்ந்தபோது சாதிச் சான்றிதழுக்கு அலைந்த கதையை அதற்குப் பிறகு சொன்னார்.

இந்தக் கதையின் இன்றைய முனை அந்தச் சான்றிதழ்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் பூர்வீகம் எது, ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். பூட்டன் எந்த ஊர்ச் சேரியிலிருந்து போனார் என்று வீட்டில் சொல்லத் தெரியும். அந்த ஊரில் போய்க் கேட்டால் அவர்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை, பட்டா இல்லை, பெயர் எழுதிய ஒரு காகிதமும் இல்லை. நிலம் இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டார்களே! கர்நாடகத்திலும் கேரளத்திலும் குடியமர்த்தப்பட்டவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். அரசமைப்புச் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. தாமாக வேலை தேடிப் போனவருக்கே அது கடினமான விதி. இவர்களோ தாமாகப் போகவில்லை. ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் ஏற்றி, எந்த மாநிலம் என்று முடிவு செய்து அனுப்பியது அரசு. அனுப்பிய அரசே, நீ இந்த மாநிலத்துக்காரன் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

தகர வில்லை, துண்டு, குடியுரிமைப் பத்திரம், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ். நூறு ஆண்டுகளாக இந்த மக்களிடம் காகிதம் கேட்கப்படுகிறது. அவர்களைக் கட்டிப்போட வேண்டியபோதெல்லாம் காகிதத்தை அரசும் முதலாளியும் தாங்களே எழுதிக் கையில் கொடுத்தார்கள். உரிமை என்று வரும்போது மட்டும் காகிதத்தைக் கொண்டுவர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

மறுபடி எழும் பாதைகள்

கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார் பாதையும் போரில் 1990இல் அழிந்தது. இந்திய நிதியுதவியோடு இர்கான் நிறுவனம் அதை மீண்டும் போட்டு, 2015 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம், ராமேஸ்வரம்-தனுஷ்கோடி பாதையை மறுபடி போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் வரவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஒவ்வொரு விழாவிலும் ராமாயணம் பேசப்பட்டது, பொறியியல் பேசப்பட்டது. மண்டபத்தில் வரிசையில் நின்றவர்கள் பேசப்பட்டதாக நாங்கள் கேட்கவில்லை.

தனுஷ்கோடிக்கு ரயில் வேண்டுமா வேண்டாமா என்பது எங்கள் கேள்வி இல்லை. அது மணல் முனை, கடல் அரித்துக்கொண்டே இருக்கும் இடம், ஆமைகளும் பறவைகளும் வரும் இடம். அங்கே எதைக் கட்டுவது என்பதை அங்கே வாழும் மீனவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நாங்கள் கேட்பது வேறு. அந்த இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. கண்டிக்குப் போனவர்கள் இந்த வழியாகப் போனார்கள், பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்த உழைக்கும் மக்கள் என்று தமிழில் நான்கு வரி. மண்டபம் கேம்பில் அந்தக் காலத்துப் பதிவுகளில் எஞ்சியிருப்பவற்றைத் தேடி எடுத்து மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். பூர்வீகத்துக்கு ஆதாரம் கேட்கும் அரசு, தன் கையில் இருக்கும் ஆதாரத்தை முதலில் திறக்கட்டும்.

தோழர்களுக்குச் சில வேலைகள்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 'கண்டி', 'சிலோன்' என்ற சொல் அடிபட்டால் விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து போனார்கள், கங்காணி எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வழியாகத் திரும்பினார்கள் என்று எழுதி வையுங்கள். சொல்பவரின் குரலையும் அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்துவருகிறது.

குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, தோட்டத்துச் சீட்டு எது இருந்தாலும் இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஆய்வு என்று சொல்லி வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியலில் நாம் சேர வேண்டாம். சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டவர்கள் இருந்தால், மறுப்பை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பப்பட்ட மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது கடினம்.

பாதையை நடந்து பார்க்க விரும்பினால் போங்கள். காலையிலேயே தொடங்குங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். இடிபாட்டிலிருந்து கல்லையோ இரும்பையோ நினைவுக்கு என்று எடுக்காதீர்கள். குடிசைகளைப் படம் எடுப்பதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள். திரும்பும் வழியில் மண்டபம் கேம்ப் நிலையத்தில் இறங்கி, அந்தப் பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று, உங்களோடு வந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அரசு பலகை வைக்கும்வரை அதை வாயால் சொல்லவேண்டியது நம் வேலை.

ஜெய்பீம்.